இரும்பைக் கெடுக்க மாசம் 750 ரூபாய்

வாடா கண்ணு, வா. செருப்பை அக்கட்டயே கழட்டிப்போட்டு வா. உங்க ஆத்தா இப்பத்தான் சாணி போட்டு வழிச்சுட்டுப் போனா. என்ன, புதங்கெழமை பதினோரு மணிக்கு டவுன் பஸ்ஸுல வந்து எறங்கறே? ஆயுத பூசைக்கு இன்னும் நாள் கெடக்குதே. உங்க ஐடிஐ-யில பெரிய மனுசன் யாராச்சும் செத்துப்போயி லீவு உட்டுட்டாங்களா? அதுவும் இல்லையா? மூஞ்சியைப் பார்த்தா நீதான் செத்துப்போயிட்டாப்பல இருக்குது.

உக்காரு. அந்தக் கட்டில்ல வேண்டாம், ஆடும். முப்பது வருசமா ஆடுது. திண்ணையில உக்காரு. மோரைக் குடி. குடிச்சுப்போட்டு, பைக்குள்ள என்னமோ கல்லாட்டம் கனக்குதே, அதை எடு பார்க்கலாம்.

ஓகோ, இதுதானா? உள்ளங்கை அகலத்துக்கு ஒரு இரும்புத் துண்டு. மேல சாக்பீஸ்ல பெருக்கல் குறி வேற. சாரு மூணு தடவை திருப்பிக் குடுத்துட்டாராக்கும். இதுக்குப் பேரென்ன சொன்னே, ஜாப்பா? அடேங்கப்பா! ஊருக்குள்ள படிச்ச பசங்க முச்சூடும் ஜாப் கெடைக்கலை, ஜாப் கெடைக்கலைன்னு டீக்கடை பெஞ்சைத் தேய்க்கறாங்க. உனக்கு ஒண்ணரை மாசத்துல மூணு ஜாப் கெடைச்சு, மூணையும் உட்டுப்போட்டு வந்திருக்கறே. ஜில்லாவுலயே உன்னாட்ட ஆளு கெடையாது.

ம், சொல்லு. அரம் சரியில்லை. சரி. இரும்பு சரியில்லை. அதுவுஞ் சரி. வைஸு ஆடுது. சாருக்கு என்னைக் கண்டாலே ஆகலை. ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல்னு சொல்லுவாங்க. உனக்குக் கூடம் கோணல், மேளம் கோணல், பாட்டுக் கோணல், பார்க்க வந்தவனுங் கோணல். உன்ற காலு மட்டும் நேரா இருக்குது.

அந்த ஸ்டீல் ஸ்கேலை எடு. இரும்பு மேல அதை நெட்டுக்குத்தலா நிறுத்தி, வெளிச்சத்துக்கு நேராத் தூக்கிப் புடி. எனக்குக் கண்ணு மங்கல்தான், ஆனா வெளிச்சம் எங்க ஒழுகுதுன்னு தெரியும். என்ன தெரியுது? நடுவுல ஸ்கேலு ஒட்டி நிக்குது. ரெண்டு ஓரத்துலயும் வெளிச்சம் வருது. அப்படின்னா நடு மேடு, ஓரம் பள்ளம். இந்த வயலுக்குத் தண்ணி பாய்ச்சுனா என்னடா ஆகும்? ஓரமெல்லாம் குளமாகும், நடுவுல காஞ்சு கெடக்கும். பரம்படிக்கறப்பப் பலகை மேல நின்னு ஆடுனீன்னா இப்படித்தான் வரும். நீ அரத்தை ராவறியா, தொட்டில் ஆட்டறியா? தள்ள ஆரம்பிக்கறப்ப முனைப்பக்கம் ஏறுது, முடிக்கறப்பக் கைப்பக்கம் ஏறுது. இடுப்புல இருந்து தள்ளோணும் கண்ணு, மணிக்கட்டுல இருந்து இல்லை. தள்ளறப்ப அழுத்து. திரும்ப இழுக்கறப்ப அழுத்தாதே. அழுத்துனா அரத்துப் பல்லுத்தான் போகும். அப்பறம், வைஸு உன்ற முழங்கை உசரத்துக்கு இருக்கோணும். நீ பனைமரமாட்டம் வளந்துபோட்டு, இடுப்பொசர வைஸுல குனிஞ்சு ராவுனா ஆடாம என்ன பண்ணும்?

வாயைப் பொளக்காதே, ஈ போயிரும். அப்பாருக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்னு கேக்கறியா? பொறு. பழமை ஒண்ணு இருக்குது, அதை மொதல்ல கேளு.

உனக்கு ஒம்பது வயசிருக்கும். ஆத்தா மிக்ஸியைப் பிரிச்சுத் திண்ணை முச்சூடும் பரப்பி வெச்சே. நெனப்பிருக்குதா? முதுகுல விழுந்த வெளக்குமாறாச்சும் நெனப்பிருக்குதா? அதுக்கு முந்தி ஒரு கதை இருக்குது. உன்ற அப்பனுக்குப் பதிமூணு வயசு. கெணத்து மேட்டுல நம்ம ஆயில் எஞ்சின் நின்னுட்டு இருந்துச்சு. நான் சந்தைக்குப் போயிட்டு வர்றதுக்குள்ள அதைப் பிரிச்சு, நட்டு வேற, வாஷர் வேறன்னு கூறு கட்டி வெச்சுட்டான், தக்காளிக்காரியாட்டம். நான் என்ன பண்ணுனேன்? மாட்டுச் சாட்டையை எடுத்தேன். அன்னைக்கு அவன் கையில இருந்து எறங்குன ஸ்பேனரு அப்பறம் ஏறவே இல்லை.

பத்தாவது கோட்டை உட்டான். டவுன்ல ஒரு லேத்துப் பட்டறையில கொண்டு போயி உட்டேன். மூணு வருசம். தொழில் கத்துக்கறான், தொழில் கத்துக்கறான்னு ஒறம்பரைகிட்டயெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சேன். அவன் கத்துக்கிட்டது என்னன்னா, எந்த டீக்கடையில சக்கரை எச்சுப் போடுவான்ங்கறதுதான். கூட்டறது, தூக்கு வாளியில டீ வாங்கறது, மொதலாளி ஸ்கூட்டரைத் தொடைக்கறது. லேத்துக்குப் பக்கத்துல போனா, "தொடாதே, கெட்டுப்போயிரும்." மூணாவது வருசம் ஒரு நா தொட்டான். டூல் பிட்டு ஒடைஞ்சுது. அன்னைக்கே கணக்கை முடிச்சு அனுப்பிட்டாங்க. பட்டறைக்காரனைக் குத்தஞ் சொல்ல மாட்டேன் சாமி. அவன் பொழப்பு அது. ஒரு டூல் ஒடைஞ்சா அவனுக்கு அன்னைக்குச் சோறு குறையும். நானும் அதைத்தானே பண்ணுனேன்? என்ற எஞ்சினு கெட்டா என்ற வெள்ளாமை காயும்.

இதைத்தான் நீ கவனிக்கோணும். ஊட்டுல கெடுத்தா அடி. பட்டறையில கெடுத்தாத் தொரத்தல். கெடுக்காம ஒருத்தனும் தொழில் கத்துக்கிட்டதில்லை. அப்ப ஏழைப்பட்ட பையன் எங்கடா போயிக் கெடுக்கறது?

அதுக்குன்னு ஒரு எடம் கட்டி வெச்சிருக்காங்க. அதுதான் உன்ற ஐடிஐ. மத்தவங்க அதைப் படிக்கற எடம்பாங்க, அப்பாரு கணக்குல அது கெடுக்கற எடம். இரும்பு அவங்க குடுக்கறாங்க. அரம் அவங்க குடுக்கறாங்க. கெடுத்துட்டு வந்து நீட்டுனா, அடிக்காம, தொரத்தாம, பெருக்கல் குறி போட்டு, "இன்னொண்ணு எடுத்துக்கோ"ங்கறாரு. இப்படி ஒரு தாராளத்தை நான் என்ற மாமியா ஊட்டுல கூடப் பார்த்ததில்லை.

அது மட்டுமா? கெடுக்கறதுக்குச் சம்பளம் வேற. கவர்மெண்டு ஐடிஐ-யில பீஸு கெடையாது. மாசம் 750 ரூபாய் உதவித்தொகை, சைக்கிளு, பஸ் பாஸு, சீருடை, பூட்ஸு, பொஸ்தகம், படம் வரையற சாமான். அதுக்கு மேல, 2024 ஆகஸ்டுல நம்ம கோயமுத்தூர்ல வெச்சுத் தொடங்குனாங்களே, தமிழ்ப் புதல்வன், ஆறாவதுல இருந்து கவர்மெண்டுப் பள்ளிக்கோடத்துல படிச்சுட்டு மேக்கொண்டு படிக்கற பையனுக்கு மாசம் 1,000 ரூபாய்னு. புள்ளைகளுக்குப் புதுமைப் பெண்ணுன்னு 2022 செப்டம்பர்லயே குடுக்க ஆரம்பிச்சுட்டாங்க. இந்த அப்பாரு அறுபது வருசம் மண்ணைக் கெளறுனேன். எத்தனை வெள்ளாமை கெட்டுப்போச்சு! கெட்டதுக்கு ஒருத்தனாச்சும் மாசச் சம்பளம் குடுத்தானா? உன்னைப் பார்த்தா எனக்குப் பொறாமையா இருக்குது போ.

அப்பறம் ஒரு ரகசியம். இந்த ஐடிஐ-ங்கற ஏற்பாடே 1950-ல தொடங்குனது. நானும் அதே வருசம் பொறந்தவன். ரெண்டு பேருத்துக்கும் ஒரே வயசு. வித்தியாசம் என்னன்னா, எனக்கு ஒரு பல்லுக்கூட புதுசா மொளைக்கலை. அதுக்கு மொளைச்சிருக்குது. தமிழ்நாட்டுல 71 கவர்மெண்டு ஐடிஐ-க்கு டாட்டாக் கம்பெனியோட சேர்ந்து, 2,877 கோடி ரூபாயில புதுக் கொட்டாய் போட்டு, ரோபோ, கம்ப்யூட்டர்ல ஓடற மிஷினு எல்லாம் எறக்கி வெச்சிருக்காங்களாமே.

அதானே! இதைச் சொன்னா நீ இப்படிக் கேப்பேன்னு தெரியும். "ரோபோவே வந்துருச்சு, நான் எதுக்கு அப்பாரு கையில ராவோணும்?" நல்ல கேள்வி. டிராக்டர் வந்துருச்சே, நான் எதுக்கு மண்ணைக் கையில அள்ளி உருட்டிப் பார்க்கறேன்? ஈரம் எத்தனைன்னு டிராக்டருக்குத் தெரியாது, ஓட்டறவனுக்குத்தான் தெரியோணும். உங்க வெர்னியர்ல 0.02 மில்லிமீட்டர் வரைக்கும் பார்க்கலாம்னு நீதானே சொன்னே? அது தலைமயித்துல பாதி கூட வராது. அத்தனை சன்னத்தைக் கண்ணு பார்க்காது, வெரலு பார்க்கும். ராவி ராவித்தான் அந்த வெரலு வளரும். வெரலு வளராதவன்கிட்ட ரோபோவைக் குடுத்தா, கெடுக்கறதை வெரசாக் கெடுப்பான், அவ்வளவுதான்.

கோயமுத்தூர்க்காரன் இதை அப்பவே கண்டுபுடிச்சான். ஜி.டி.நாயுடுன்னு கேட்டிருப்பே. கலங்கல்ல பொறந்தவரு. பள்ளிக்கோடம்னா அவருக்கு ஆகாது. வெள்ளைக்காரன் ஒருத்தன் மோட்டார் சைக்கிள்ல போறதைப் பார்த்துப்போட்டு, ஓட்டல்ல வேலை செஞ்சு காசு சேர்த்து அதே வண்டியை வாங்குனாரு. வாங்கி என்ன பண்ணுனாரு? ஊருக்குள்ள சுத்துனாரா? பிரிச்சாரு! பிரிச்சு மறுபடியும் பூட்டுனாரு. நல்லவேளை, என்னாட்ட அப்பன் சாட்டையோட பக்கத்துல இல்லை. 1920-ல பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் பஸ் உட்டாரு. 1945-ல கோயமுத்தூர்ல தொழில் படிப்புக்குன்னே ஒரு காலேஜ் தொடங்கி வெச்சாரு. அது இன்னைக்கு ஜிசிடி-ன்னு கவர்மெண்டு இன்ஜினியரிங் காலேஜா நிக்குது. வருசக்கணக்கா உக்கார வெச்சுப் பாடம் நடத்தறது தண்டம், சீக்கிரமா கையில வேலையைக் குடுங்கன்னு அவரு ஓரியாட்டம் போட்டாரு. பிரிச்சா அடி உழுகற ஊர்ல, பிரிக்கறதையே பாடமா வெக்கோணும்னு ஒரு மனுசன் நெனைச்சிருக்காரு பாரு.

சரி, இப்ப உண்மையைச் சொல்லு. இரும்பு கோணலாப் போனதுக்கா இத்தனை வெசனம்? பக்கத்துத் தோட்டத்துப் பையன் ஏசி பஸ்ல இன்ஜினியரிங் போறான், நீ மட்டும் காக்கிச் சட்டையில எண்ணெய்க் கறையோட டவுன் பஸ்ல தொங்கறே. அந்தப் புள்ள வேற அதே பஸ் ஸ்டாப்புல நிக்குது. எந்தப் புள்ளயா? எனக்கென்ன தெரியும், பொதுவாச் சொன்னேன். காது செவக்குது பாரு.

அந்தக் காலேஜு பேனரை ரோட்டோரத்துல பார்த்தேன். ஒரு பையன் போட்டோ, கோட்டும் டையும், வருசத்துக்கு இத்தனை லட்சம்னு. பேஷ். அவனோட சேர்ந்த மிச்சப்பேரு எங்கடான்னு தேடுனேன், பேனர்ல எடமில்லை போல இருக்குது. ஒரு காலேஜு நல்லதா கெட்டதான்னு பார்க்கோணும்னா மொத பெஞ்சுக்காரன் போட்டோவைப் பார்க்கப்படாது கண்ணு. அவன் எங்க போட்டாலும் மொளைக்கற வெதை. கடைசிப் பெஞ்சுக்காரன் ஒரு நா வராமப்போனா அன்னைக்கு அங்க யாருக்காச்சும் தெரியுதான்னு பார்க்கோணும். மந்தையில ஒரு குட்டி கொறைஞ்சா பொழுது சாயறதுக்குள்ள தெரியலைன்னா அவன் ஆடு மேய்க்கறவனா?

உங்களுக்கு இருவது பேருக்கு ஒரு சாரு. இருவது குட்டி எண்ண முடியாதா? நூத்துக்கு எம்பது நாளு வந்தாத்தான் பரீச்சை எழுத உடுவேன்னு கண்டிசன் வேற போட்டிருக்காங்க. நீ அதை வெலங்குன்னு நெனைக்கறே. அது வெலங்கில்லை, மாட்டுக் கழுத்துல கட்டுன மணி. மணிச் சத்தம் நின்னுபோச்சுன்னா மேய்க்கறவன் திரும்பிப் பார்ப்பான், அதுக்குத்தான்.

இன்ஜினியரிங் ஆசை இருந்தா அதுவும் தப்பில்லை. தாரு ரோட்டுல போனா ஊருக்கு எட்டு மைல். இட்டேரியில போனா சித்தெ சுத்து, ஆனா போயிச் சேர்ந்துரலாம். பத்தாவது முடிச்சு ரெண்டு வருசம் ஐடிஐ பாஸ் பண்ணுனா, பாலிடெக்னிக்ல நேரா ரெண்டாவது வருசம். டிப்ளமோ முடிச்சா, இன்ஜினியரிங்லயும் நேரா ரெண்டாவது வருசம். இல்லை, சம்பாதிக்கோணும்னா அப்ரெண்டிஸ் போ. அதுக்கு 1961-லயே சட்டம் போட்டு வெச்சிருக்காங்க, கம்பெனிக்காரன் காசு குடுத்துத் தொழில் பழக்கோணும்னு. அந்தக் கோட்டுப் பையன் நாலு வருசம் படிச்சு முடிச்சு வந்து மொதல்ல கையில அரம் புடிக்கறப்ப, பக்கத்துல நின்னு "மணிக்கட்டை ஆட்டாதீங்க சார்"னு சொல்லப்போறவன் நீதாண்டா. அதுக்காகவாச்சும் படி.

அப்பாரு ரெண்டே ரெண்டு புத்தி சொல்றேன், அதுக்கு மேல உனக்கும் ஏறாது, எனக்கும் மூச்சு வாங்கும்.

ஒண்ணு, கேளு. மூணு தடவை திருப்பிக் குடுத்தாரே, ஒரு தடவையாச்சும் "எங்க சார் தப்பு?"ன்னு கேட்டியா? கேக்கலை. மூஞ்சியைத் தூக்கிட்டு வந்துட்டே. வாய்க்கால் நெறையத் தண்ணி வந்தாலும் மடையைத் தொறக்காத காட்டுக்குள்ள அது போகாது. 2,877 கோடியை இல்லை, 28,000 கோடியைக் கொட்டுனாலும், கேக்காத பையனுக்கு ஒரு காலேஜும் ஒத்தாசை பண்ண முடியாது.

ரெண்டு, கெடு. நல்லாக் கெடு. ஆனா ஒரே மாதிரி ரெண்டு தடவை கெடுக்காதே. மொத இரும்பு ஒரு தினுசாக் கோணல், ரெண்டாவது வேற தினுசாக் கோணல்னா நீ முன்னுக்கு வர்றேன்னு அர்த்தம். மூணும் ஒரே கோணல்னா நீ அரத்தைத்தான் தேய்க்கறே, உன்னைத் தேய்க்கலை.

உன்ற அப்பன்கிட்ட நான் பேசிக்கறேன். "எம்பையன் ஐடிஐ-தான்" அப்படின்னு குரலை எறக்கிச் சொல்றான் பாரு, அந்த "தான்"-ஐ நான் புடுங்கறேன். பாவம், அவன் ஸ்பேனரைப் புடுங்குனவன் நான். அந்தக் கடன் எனக்குப் பாக்கி இருக்குது.

சரி, அப்பாருக்கு எப்படித் தெரியும்னு கேட்டியே, இப்ப அந்த ரகசியம். அரம் ஆடுது, வைஸு உசரம் பத்தலை, மணிக்கட்டு, இடுப்புன்னு வெளாசுனேனே. எனக்கெங்கடா தெரியும் அதெல்லாம்? அருவாளைத் தீட்டறதுக்கு மேல அரத்துக்கும் எனக்கும் ஒறவே கெடையாது. உங்க சாரு நேத்துப் பொழுதோட போன் பண்ணுனாருடா. சேர்க்கையப்ப அப்பன் நம்பருக்குப் பதிலா என்ற நம்பரை எழுதிக் குடுத்தவன் நீதானே? கெழவனுக்குக் காது கேக்காது, போனை எடுக்க மாட்டான்னு கணக்குப் போட்டே. கெழவனுக்குக் கேக்கப்படாததுதாங் கண்ணு கேக்காது. மத்ததெல்லாம் நல்லாவே கேக்கும்.

"உங்க பேரன் நேத்துக் கோவிச்சுட்டுப் போனவன், இன்னைக்கு வரலீங்க. கையில நல்ல பலமிருக்குது, நின்னு ராவறதுதாங்க சரியில்லை. வைஸுக்கு உசரம் ஏத்தக் கட்டை வெச்சுக் குடுக்கலாம்னு எடுத்துட்டு வர்றதுக்குள்ள பஸ் ஏறிட்டானுங்க. வந்தா அனுப்பி உடுங்க"ன்னாரு. கேட்டியா? உனக்குன்னு ஒரு கட்டை, ரெண்டு நாளா அங்க காத்துட்டு இருக்குது. நீ என்னமோ சாருக்கு என்னைக் கண்டா ஆகாதுங்கறே.

எந்திரி. ஒண்ணரை மணிக்கு பஸ். மத்தியானத்துக்கு மேல போனாலும் அரை நாள் ராவலாம். ஆத்தா சோறு கட்டி வெச்சுட்டா. நீ இட்டேரியில வர்றப்பவே பார்த்துட்டா.

இரு, அந்த இரும்பை எங்க தூக்கிட்டுப் போறே? மூணாவது தடவை திருப்பிக் குடுத்ததைத் திரும்பவும் கொண்டு போயி நீட்டப் போறியா? இங்க குடு. அந்தக் கட்டிலைச் சித்தெத் தூக்கு. இந்தப் பக்கத்துக் காலுக்கடியில வை. அக்கட்ட தள்ளு, இன்னுங் கொஞ்சம். ம், உடு. உக்காரு பார்க்கலாம், ஆடுதா?

ஆடலை! முப்பது வருசமா கல்லு வெச்சேன், கட்டை வெச்சேன், தேங்காத் தொட்டி வெச்சேன், ஒண்ணும் நிக்கலை. காலும் கோணல், தரையும் கோணல். உன்ற கோணல்தான் அதுக்குப் பொருத்தமா உழுந்திருக்குது.

போயிட்டு வா சாமி. அடுத்ததைச் சரியா ராவு. ஆனா ஒண்ணு, அதைக் கொண்டாந்து என்ற கட்டிலுக்கு வெச்சுடாதே. மறுபடியும் ஆடும்.